சக்கரமில்லாத வண்டியின் கண்டக்டர்

நாற்பத்து மூன்று வயதில் அவள் முதன்முறையாகச் சக்கரமில்லாத வண்டிக்குக் கண்டக்டர் ஆனாள்.

அதுவரை சக்கரமுள்ள வண்டிதான். நகரப் பேருந்தில் பின்படிக்கட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்த நடையை நீட்டிப் போட்டால் பாதி உலகம் வந்திருக்கும். ஆனால் சாயங்காலம் போய்ச் சேர்ந்த இடமோ தினமும் அதே டிப்போ. தோளில் பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, உதட்டில் விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் கிளம்பு. டிரைவருக்கும் அவளுக்கும் இடையில் அறுபது தலைகள் மறைத்தாலும் இந்த இரண்டு சொல்லில் வண்டி ஊரைச் சுற்றி வந்துவிடும்.

"வீட்டையும் இப்படி ரெண்டே வார்த்தையில ஓட்ட முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்பான் அவள் கணவன். அவன் லிப்ட் மெக்கானிக். நான்காவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன்.

அவர்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கினாள் என்று 'சிட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பள்ளியில் எடை பார்த்த நாளில்தான் அந்தப் பெயர் வினையானது. எடை மெஷினில் சிட்டு ஏறி நின்றதும் உதவிக்கு வந்திருந்த பயிற்சி நர்ஸ் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். வரிசையில் பின்னால் நின்றவன் ஒருவன், "சிட்டா, இது கழுகுடா!" என்றான். சிரிப்பு வாசல்வரை போனது. அன்றிலிருந்து சிட்டு விளையாட்டு மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட பெரிய நர்ஸ் பயிற்சி நர்ஸைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்தாள். பிறகு தாயை உட்காரவைத்துப் பேசினாள்.

"பிள்ளைக்கு நோய்நொடி ஒண்ணும் இல்லம்மா. பட்டினி கிட்டினி போட்டுடாதீங்க, வளர்ற உடம்பு. காலுக்கு வேலை வேணும், அவ்வளவுதான். அவளை மட்டும் தனியா 'நட, ஓடு'ன்னு விரட்டாதீங்க. எல்லாரும் சேர்ந்து செய்ங்க. கூட்டத்தோட செஞ்சா அது விளையாட்டு. தனியா செஞ்சா தண்டனை."

கூட்டம் என்றால் கண்டக்டருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அந்தச் சொல் அவள் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்றில் ஒரு பிள்ளைக்கு எடை கூடுதலாக இருக்கிறது என்று தலைமையாசிரியை சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். கேன்டீனை மூடு என்றார் ஒருவர். "வீட்டிலேருந்து குடுத்தனுப்புற சிப்ஸ் பாக்கெட்டை யார் சார் மூடறது?" என்றார் கேன்டீன்காரர். போனைப் பிடுங்கு என்றார் இன்னொருவர், தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கண்டக்டர் எழுந்தாள். ஓடும் வண்டியில் பேசிப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"எங்க குடியிருப்பிலேருந்து ஸ்கூல் கூப்பிடு தூரம். அதுக்குக் கார், வேன், பைக். காலையில வாசல்ல வண்டி நிறுத்த இடமில்லாம ரெண்டு தடவை சுத்தி வர்றோம். சுத்துற நேரத்துல பிள்ளைங்க நடந்தே வந்திருக்கும். நான் ஒரு நடைபஸ் ஓட்டறேன். எங்க வாசல்ல ஏறி, இங்க வாசல்ல இறங்கட்டும்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினாள். அது நல்ல சகுனம் அல்ல என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நடந்து வந்தா லேட்டாகும். ரோட்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"ஒரு வாரம் பாருங்க மேடம்."

"பார்க்கிறேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கணும். ரோட்டுல எவனும் ஓடக் கூடாது. பிடிச்ச கையை யாரும் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். இதுல ஒண்ணு தவறினாலும் திங்கட்கிழமை கிடையாது."

அந்த வாரத்துக் காலை ஷிப்டுகளை அவள் சக கண்டக்டர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம் என்ன செய்வாள் என்பது அவளுக்கே தெரியாது. முதலில் வெள்ளிக்கிழமை கரையேறட்டும்.

கணவன் நீளமான நைலான் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய துணியைக் கிழித்து, பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வளையம் வளையமாகக் கட்டினார்கள்.

"ஊர்ல எல்லாரும் நடக்க ஆரம்பிச்சு, அப்புறம் படியும் ஏற ஆரம்பிச்சுட்டா என் பொழப்பு என்ன ஆறது?" என்றான் அவன்.

"நீங்களும் கயிறு பிடிச்சு வாங்க, டீசல் வேண்டாம்."

திங்கட்கிழமை பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஏறுவதற்கு டிக்கெட் உண்டு: காலையில் என்ன பழம் சாப்பிட்டாய் என்று சொல்ல வேண்டும்.

"வாழைப்பழம்!"

"ஏறு."

"கொய்யா!"

"ஏறு, ஏறு. உள்ளே தள்ளிப் போ."

"பழ ஜாம்!"

"அது வித்தவுட். இன்னிக்கு மன்னிச்சு விடறேன். நாளைக்கு நிஜப் பழத்தோட வா, இல்லேன்னா நடுவழியில இறக்கி விட்டுடுவேன்."

கயிற்றின் கடைசி வளையத்தை அவள் சிட்டுவிடம் கொடுத்தாள். "நீ பின்படிக்கட்டு கண்டக்டர். எல்லாரும் கயிறைப் பிடிச்சாச்சான்னு பார்த்து 'ரைட்' சொல்லணும். நீ சொன்னாத்தான் நான் விசில் ஊதுவேன். வண்டி உன் வேகத்துலதான் போகும்."

சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் மெதுவா நடப்பேன்னுதானே பின்னால விட்டே?"

பிள்ளைகளிடம் பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். "ஆமா. முன்னால போறவன் வேகத்துல போனா வண்டி பாதியில அறுந்துடும். அதனால பின்னால இருக்கிறவங்க சொல்றதுதான் சட்டம்."

சிட்டு யோசித்தாள். சட்டம் என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. "ரைட்" என்றாள், காதில் விழுந்தும் விழாமலும்.

மூலைக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தருகே சாலையைக் கடந்து, மார்க்கெட் சந்துக்குள் புகுந்து வெளியே வந்தால் பள்ளி. பஸ்ஸில் போனால் ஒருவழிப் பாதையில் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். புதன்கிழமைக்குள் மூலைக்கடைக்காரர் கட்சி மாறிவிட்டார். முன்வரிசையில் வாழைத்தார் தொங்கியது. சிப்ஸ் பாக்கெட்டுகள் பரண்மேல் போயிருந்தன.

"எட்டாத உயரத்துல வச்சுட்டேன்மா. யாராவது கேட்டா நான் ஸ்டூல் போட்டு ஏறணும். சோம்பல்ல 'ஸ்டாக் இல்லை'ன்னுடறேன்" என்றார்.

வியாழக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகள். கயிறு நிரம்பி, வளையத்துக்கு இரண்டு கைகள். தலைமையாசிரியை தினமும் வாசலில் கடிகாரத்தோடு நின்றாள். தினமும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஒன்றும் சொல்லாததே பெரிய விஷயம் என்று ஆசிரியர்கள் கிசுகிசுத்தார்கள். இன்னும் ஒரே ஒரு காலை.

வெள்ளிக்கிழமை ஒருவன் ஷூ கயிறு அவிழ்ந்து, அதைக் கட்டப்போய் இன்னொருத்தியின் சாப்பாட்டுப் பை விழுந்து, வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் பஸ் நிறுத்தத்தை எட்டியது. அதனால் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது: அதே நேரத்தில் நிஜ பஸ்ஸும் அங்கே நின்றுகொண்டிருந்தது.

பின்படிக்கட்டில் ஒரே கூட்டம். யாரோ ஒருவர் சுருட்டிய மெத்தையோடு இறங்க முடியாமல் கதவில் அடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் கண்டக்டர் கீழே இறங்கி மெத்தையை இழுத்துக்கொண்டிருந்தார். அவளோடு ஒரே டிப்போவில் வேலை செய்கிற மூத்தவர். குரலின் கனத்தால் 'மைக்செட்' என்று பெயர் வாங்கியவர்.

அவளுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. சாலை இரண்டு பக்கமும் காலி. பின்னாலிருந்து சிட்டுவின் "ரைட்!" வந்தது, வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் கணீரென்று ஆகிவிட்ட "ரைட்". கை தானாக உதட்டுக்குப் போனது.

பீ-பீப்!

பிள்ளைகள் கிளம்பினார்கள். பஸ்ஸும் கிளம்பியது.

டிரைவருக்குக் கண் முன்னால், காது பின்னால். இரண்டு விசில் கேட்டது, கியர் விழுந்தது. மெத்தை சாலையில் உருண்டது. மெத்தைக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்தார். மைக்செட் ஒரு கணம் தன் வெறுங்கையைப் பார்த்தார், அப்புறம் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் தன் பஸ்ஸைப் பார்த்தார்.

"ஹோல்டான்! ஹோல்டான்! யோவ், நான் இங்க இருக்கேன்யா!"

ஊரே திரும்பியது. பஸ் திரும்பவில்லை.

பிள்ளைகள் பத்திரமாகச் சாலையைக் கடந்து நின்றிருந்தார்கள். அவள் மைக்செட்டைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மறைத்துப் பேசுகிற நேரமில்லை.

"அண்ணே, நான்தான் ஊதினேன்."

"நீயா? தங்கச்சி, இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு டிக்கெட்டைக்கூட நான் தவறவிட்டதில்லை. நீ ஒரு பஸ்ஸையே தவறவிட வச்சுட்டியேம்மா!" மைக்செட் தலையில் கை வைத்தார். "பை என் தோள்ல. ஜனம் வண்டியில. செக்கிங் ஏறினா நான் காலி."

டிரைவரின் போன் அணைந்திருந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது டிப்போ விதி. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆட்டோ இல்லை. ஆனால் பஸ்ஸின் அடுத்த நிறுத்தம் பள்ளி வாசல்.

"பஸ் சுத்திக்கிட்டுத்தான் வரணும். எங்க வண்டி நேர்வழி. ஏறுங்கண்ணே!"

"எதுல ஏறச் சொல்றே?"

"கயித்துல!"

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கண் விரிந்தது. "ஆன்ட்டி, ஓடலாமா? ஆன்ட்டி, சேஸிங்கா?"

ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கலாம், திங்கட்கிழமை போய்விடும். ஓடாவிட்டால் அவளால் ஒரு மனிதருக்கு மெமோ. அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஓடக் கூடாது. கையை விடக் கூடாது. இன்னிக்கு நம்ம வண்டி எக்ஸ்பிரஸ். நடை, நடை, வேக நடை!"

மார்க்கெட் சந்துக்குள் புகுந்தார்கள். கேரட் மூட்டை, முட்டைக்கோஸ் குவியல், தள்ளுவண்டிகள், பேரம் பேசும் குரல்கள். நடுவில் சரசரவென்று ஒரு கயிறு. பிள்ளைகளின் முகங்கள் பல்ப் போட்டதுபோல் எரிந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்காமல் வாத்துபோல் விரைந்தார்கள், ஓடவில்லை என்று நிரூபிக்க. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. அப்போது கயிறு பின்னாலிருந்து இழுத்தது.

சிட்டுதான் என்று நினைத்துத் திரும்பினாள் தாய்.

சிட்டு அல்ல. மைக்செட். இடுப்பில் ஒரு கை, கயிற்றில் ஒரு கை, திறந்த வாய். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற மனிதர்; கம்பியில் சாய்ந்து கொடுக்கும் டிக்கெட்டுக்குக் கால் எதற்கு? மூச்சு ரயில் எஞ்சினாக வாங்கியது.

"நீங்க... போங்க... நான்..."

"அம்மா, மெதுவா!" சிட்டு கத்தினாள். "பின்னால ஆள் இருக்கு!"

"சிட்டு, பஸ் போயிடும்டி!"

"பின்னால இருக்கிறவங்க சொல்றதுதான் சட்டம்னு நீதானே சொன்னே!"

சந்தின் அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. கண்டக்டர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். ஆனாலும் நடையைக் குறைத்தாள். சட்டம் சட்டம்தான்.

சிட்டு தன் வளையத்தை விடாமல் மைக்செட்டின் கையிலும் மாட்டினாள். "அங்கிள், பேசாதீங்க. பேசினா இன்னும் வாங்கும். மூக்கால இழுங்க, வாயால விடுங்க. என் காலைப் பாருங்க. நான் வச்சதுக்கப்புறம் நீங்க வைங்க."

"உனக்கு... எப்படி... தெரியும்?"

"திங்கட்கிழமை எனக்கும் இப்படித்தான் வாங்குச்சு. பேசாதீங்கன்னு சொன்னேன்ல?"

ஊரையே அதட்டிய மைக்செட் வாயை மூடினார். அவர் மூச்சு ஒரு சீருக்கு வந்தது. கயிறு மறுபடி இறுகி, நேரானது. ஆனால் முன்னால் ஒரு தக்காளி வண்டி சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற நாளென்றால் மைக்செட்டின் ஒரே அதட்டலில் அது வானத்துக்குப் போயிருக்கும். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

சிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள்.

"வழி விடுங்க! வண்டி வருது!"

அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்தது என்று பெற்றவளுக்கே தெரியாது. தக்காளிக்காரர் அலறியடித்துத் திரும்பினார். "எங்கம்மா வண்டி?"

"நாங்கதான் வண்டி!"

அவ்வளவுதான், இருபத்திரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். "நாங்கதான் வண்டி! நாங்கதான் வண்டி!" தக்காளி வண்டி ஒதுங்கியது. கீரைக்காரம்மா கூடையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு, "போங்கடா ராசாக்களா, போங்க!" என்று கையசைத்தாள். மேல்மாடி ஜன்னல்கள் திறந்தன. கடைசி வளைவு, வெளிச்சம், சாலை, பள்ளிச் சுவர்.

நிறுத்தம் காலியாக இருந்தது.

"போயிடுச்சா?" என்றார் மைக்செட், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

யாரும் பதில் சொல்வதற்குள் திருப்பத்தில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. காலை நெரிசலில் ஊர்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் கும்பிடு போட்டு, இப்போதுதான் வந்து சேர்ந்தது. டிரைவர் நிறுத்தத்தில் தன் கண்டக்டரைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி வண்டிக்குள் தேடினார். மறுபடி வெளியே பார்த்தார். பேயைக் கண்டவன் முகம்கூட அத்தனை வெளுத்திருக்காது.

"நீ எப்படிய்யா எனக்கு முன்னாடி?"

"எக்ஸ்பிரஸ்ல வந்தேன்" என்றார் மைக்செட். பஸ் முழுக்கச் சிரித்தது, கையும் தட்டியது.

முன்படிக்கட்டு வழியாக, கைப்பையை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பிள்ளைகளின் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. தலைமையாசிரியை. அவளுடைய ஸ்கூட்டர் அன்று பஞ்சர்.

முன்னால் நின்ற ஒருவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ், கண்டக்டர் அங்கிள் எங்ககூடதானே இருந்தாரு? அப்ப நீங்க வித்தவுட்டா?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினாள். மைக்செட் சத்தமில்லாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஓடினீங்களா?"

"இல்ல மிஸ்!" என்று ஒரே குரலில் வந்தது.

"ஓடாம எப்படி பஸ்ஸுக்கு முன்னாடி வர முடியும்?"

சிட்டு கயிற்றின் கடைசியிலிருந்து பதில் சொன்னாள். "பாதியில மெதுவாகூட நடந்தோம் மிஸ். அங்கிளுக்கு மூச்சு வாங்குச்சு. யாரும் கையை விடலை. அவர்கூட விடலை."

மணி இன்னும் அடிக்கவில்லை. மணி அடிக்க வேண்டியவளே இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாள்.

கண்டக்டர் முன்னால் வந்தாள். "மேடம், உங்க பஸ் கண்டக்டர் இல்லாம கிளம்பினது என்னாலதான். பிள்ளைங்களுக்கு ஊதின விசில் டிரைவர் காதுக்குப் போயிடுச்சு. நீங்க வேற யார் மூலமாவது கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

தலைமையாசிரியை அவளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், வேர்த்து வழிந்து சிரித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு முகங்களைப் பார்த்தாள். எத்தனையோ காலைகளில் அந்த வாசலில் நின்றவள். பாதித் தூக்கத்தில் காரிலிருந்து இறங்கும் முகங்களே அவளுக்குப் பழக்கம்.

"விசில் இனிமே டியூட்டியில மட்டும். ரோட்டுல வேண்டாம்" என்றாள். "அதான் பின்னால ஒரு குரல் இருக்கே. 'நாங்கதான் வண்டி'ன்னது சிக்னல்ல நின்ன பஸ்ஸுக்குள்ள எனக்கே கேட்டுச்சு. அது போதும்."

"அப்ப... திங்கட்கிழமை, மேடம்?"

"திங்கட்கிழமை மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வந்துடுங்க. எனக்கு முன்னாடியே வந்துடறீங்க, அதுல சந்தேகமில்லை."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. இப்போது ஓடலாம் என்று யாரும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டியதும் எல்லோரும் மைதானத்தை நோக்கி ஓடினார்கள். எல்லோருக்கும் பின்னால் சிட்டுவும் ஓடினாள், பை முதுகில் குதிக்க. எடை பார்த்த அன்று அவளைக் 'கழுகு' என்றவன் முன்னாலிருந்து திரும்பி, "கண்டக்டர், சீக்கிரம் வா!" என்று கூப்பிட்டான்.

மதியம் டிப்போவில் மேனேஜர் அவளுக்காகக் காத்திருந்தார். பயணி ஒருவர் போன் செய்துவிட்டாராம்.

"என் பஸ்ஸை நீங்க ரோட்டுலேருந்தே ஓட்டியிருக்கீங்க" என்றார்.

"தப்புதான் சார்."

"தப்புக்குத் தண்டனை வேண்டாமா? மூணு மாசத்துக்கு உங்களுக்குக் காலை ஷிப்ட் கிடையாது. மதிய ஷிப்ட் மட்டும். யார்கிட்டயும் மாத்திக்கவும் கூடாது."

மதிய ஷிப்டை அந்த டிப்போவில் ஒருவரும் விரும்பமாட்டார்கள். சிரிப்பை உள்ளே அமுக்கி முகத்தைத் தொங்கப்போட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியதும்தான் மூச்சே விட்டாள். வெளியே நின்ற மைக்செட், "என்னம்மா, பெரிய தண்டனையா?" என்றார்.

"ரொம்பப் பெரிசு அண்ணே. மூணு மாசம் காலையெல்லாம் சும்மா இருக்கணுமாம்."

திங்கட்கிழமை காலை வண்டி குடியிருப்பு வாசலிலிருந்து கிளம்புகிறது. முப்பத்தொரு பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கயிறு போதாது, அவள் கணவன் இன்னொன்று வாங்கப் போயிருக்கிறான்.